வலி வரட்டும்

“கொழுப்பாப் பார்த்துப் போடுங்க பாய். நல்லா எண்ணெயோட” என்று என் கணவர் சொன்னதும், தேக்கா மார்க்கெட் பிரியாணிக் கடைக்காரர் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொழுப்பை எடுத்துவிடச் சொல்கிறவர்கள்தான். “உங்களுக்கா?” என்று கேட்டார். “இல்ல, என் வொய்ஃபுக்கு. அவளுக்கு உடம்பு சரியில்ல” என்றார் இவர். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொழுப்பாகவே அள்ளி வைத்தார். காரணம் கேட்டிருந்தாலும், நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற வரிசை எங்களைத் திட்டித் தீர்த்திருக்கும்.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக எனக்கு வயிற்றில் ஒரு வலி. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகுக்குப் போகும். சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்ளும், குமட்டும். சில நாள் பாத்ரூமே கதி, சில நாள் அந்தப் பக்கம் போகவே வேலை இருக்காது. பாலிகிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஸ்ட்ரெஸ் என்றார். இன்னொருவர், இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். நாத்தனார் கண்ணேறு என்று சொல்லி, தண்ணீர் ஓதிக் கொடுத்தாள். அதையும் குடித்தேன். என் மகள் அஃப்ரீன், “ம்மா, யூ திங்க் டூ மச் லா” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். வலியையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நார்மலைத்தான் தாங்க முடியவில்லை. சமையலறை சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும்போதே, இது நிஜமாகவே வலிக்கிறதா, நானாக வரவழைத்துக்கொள்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதில் எங்கள் வீட்டு வழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எங்களுக்கு டாக்டரிடம் போவது என்றால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. என் கணவர் ஜலாலுதீன் சாங்கி ஏர்போர்ட் கார்கோவில் வேலை பார்க்கிறார். பெட்டியைப் பத்திரமாக அனுப்பி வைக்கிற அதே அக்கறையோடு என்னையும் அனுப்புவார். மூன்று நாளைக்கு முன்பே எனக்கு வெறும் கஞ்சிதான். பூண்டும் வெந்தயமும் போட்டு அவரே காய்ச்சுவார். “நாலு பேர் பார்க்குற இடத்துல நீ சுருண்டு கிடக்கக் கூடாதும்மா” என்பார். அன்று குளித்து, இஸ்திரி போட்ட மலாய் பாஜு குரோங் உடுத்தி, கொஞ்சம் அத்தரும் பூசிக்கொண்டு போய் உட்கார்வேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், “அல்ஹம்துலில்லாஹ், ஓகே டாக்டர்” என்று வாய் தானாகச் சொல்லும். டாக்டர் வயிற்றை அழுத்துவார். கஞ்சி குடித்த வயிறு பரம சாதுவாக இருக்கும். வலிக்கிறதா? இல்லை. நார்மல்.

போன மாதம் ஒரு புது டாக்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சீனப் பெண். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் ஆன்ட்டி என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பெருமையாகச் சொன்னார், மூன்று நாளாகக் கஞ்சி மட்டும்தான் டாக்டர், சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று. அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு எங்கே குப்பை என்று என்னைத் தேடச் சொல்கிறீர்களே அங்கிள் என்றது. வலி இருக்கும்போது ரத்தம் எடுத்தால்தான் ஏதாவது தெரியும், அடங்கிய பிறகு எடுத்தால் தெரியாமலே போகலாம் என்று விளக்கியது. அடுத்த முறை எதைச் சாப்பிட்டால் வலிக்குமோ அதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அப்போதும் ஒன்றும் கிடைக்காவிட்டால், திரும்பவும் பாலிகிளினிக்குக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றது.

அதனால்தான் இன்று தேக்கா. பிரியாணித் தட்டு வந்தது. கறித் துண்டின் ஓரத்தில் கொழுப்பு மின்னியது. தால்சாக் குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். கண் கலங்கிவிட்டது. என் வயிறு எனக்குச் செய்த அநியாயம் எல்லாம் அந்த ஒரு வாயில் மறந்துபோனது. எதிரே அவர் பால் விடாத தே ஓ டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தட்டு ஆனதும் அவரால் முடியவில்லை; கொழுப்பு ஒட்டிய எலும்பைத் தன் பக்கம் ஒதுக்கினார்.

“போதும் முனீரா.”

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா மச்சான்? அந்த எலும்பை இந்தப் பக்கம் தள்ளுங்க.”

தள்ளினார். எனக்கு விஷம் வைக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தள்ளினார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கடைசியில் நானே அவர் வாயில் ஒரு கவளம் ஊட்டிவிட்டேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பெண் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சோதனை. வலி வரவில்லை. மற்ற நாளில் பாதி இட்லிக்கே ஆட்டம் காட்டுகிற வயிறு, இத்தனை கொழுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு கம்மென்று கிடந்தது. திரையில் வரிசை எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. “வருதா?” என்று இவர் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். எழுந்துபோய்க் கீழ்த்தளத்தில் ஒரு கறிபாப் வாங்கிக்கொண்டு வந்தார். அதையும் தின்றேன். ஒன்றுமில்லை. அப்படியானால் இத்தனை நாள் வலித்தது எது? நான் பொய்க்காரிதானா? அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மடியில் ஏந்தி வைத்திருந்தார். உதடு அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.

“வலி வரட்டும்னா துஆ கேக்குறீங்க?” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “கேக்கலாம்னுதான் பார்க்குறேன். ரெண்டு வருஷமா இவளுக்கு ஷிஃபா குடு, குணமாக்கிக் குடுன்னு கேட்டுப் பழகின வாய். மாத்திக் கேக்க வரமாட்டேங்குது முனீரா.”

இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த இடத்தில் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அதை அவரிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. “நீங்க கேக்க வேணாம், நானே கேட்டுக்கிறேன்” என்று அவர் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் எண் வந்து, நான் எழுந்து நின்றேன். அந்த நேரத்தில் விலாவுக்குக் கீழே ஒரு இழுப்பு. அப்புறம் நன்றாக முறுக்கிப் பிடித்தது. வழக்கம்போல முகத்தைச் சரிசெய்துகொண்டு புன்னகைக்கப் போனேன். “சிரிக்காத! சிரிக்காத!” என்று இவர் பதறினார். அந்த முதுகு வளைந்த நிலையிலேயே என்னை உள்ளே நடத்திக்கொண்டு போனார்.

கட்டிலில் படுத்ததும் அந்தப் பிள்ளை விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தியது. “யா அல்லாஹ்!” என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். பிள்ளை கையை எடுக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்து, ஐ பிலீவ் யூ ஆன்ட்டி என்றது. வலியில் வந்த கண்ணீரோடு வேறு கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

ரத்தம் எடுத்தார்கள். சின்னச் சின்னக் குழாய்களில் அடர் சிவப்பாக நிறைந்தது. என்ன சொல்லப் போகிறதோ, ஏதாவது சொல்லுமோ சொல்லாதோ. நர்ஸ் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குக் கிளம்பினார். திறந்திருந்த கதவு வழியாக நான் படுத்தபடியே பார்த்தேன். தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்ட் கதவு மூடப்போனது. என் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்த இவர், நர்ஸுக்காக முந்திக்கொண்டு ஓடி, மூடுகிற கதவுகளுக்கு நடுவே குறுக்கே போய் நின்றுகொண்டார்.