முள் தாண்டுகிற இடம்

கல்யாண வீட்டில் பாட்டு தாண்டினால் மைக் செட்காரருக்கு ஏச்சு நிச்சயம். அதிலும் தாலி ஏறுகிற நேரத்தில் முள் ஒரு கீறலில் விழுந்து நாலு வார்த்தையை விழுங்கிவிட்டால், பெண்ணின் தகப்பனார் மணமேடையை விட்டு இறங்கி நேரே ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துத்தான் வருவார். அதனால் சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருந்த மன்சூர் அலி, கீறல் விழுந்த இசைத்தட்டை ஒரு நாள்கூடக் கடையில் வைத்திருக்க மாட்டார். அதெல்லாம் சௌந்தரபாண்டியன் வீட்டுக்குப் போய்விடும்.

சௌந்தரபாண்டியன் விசைத்தறி செட்டில் மெக்கானிக். வீட்டில் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர் வைத்துக்கொண்டு, ஏழு வருஷத்தில் நாற்பத்து மூன்று இசைத்தட்டுகள் சேர்த்திருந்தான். அதில் ஒன்றுகூட முழுசாகப் பாடாது.

“எவ கல்யாணத்துல சிக்குனதோ, அதைப் போயி வீட்டுல கொண்டாந்து அடுக்குதியளே,” என்பாள் அவன் மனைவி கோமதித்தாய்.

“முழுப் பாட்டையும் ரிக்கார்டுல உள்ளவனே பாடிட்டா நமக்கு என்னட்டி வேலை?”

அவனுக்கு ஒரு வேலை இருக்கத்தான் செய்தது. கீறல் நெருங்கும்போது சுண்டுவிரலால் முள்ளை மெல்லத் தூக்கிப் பிடிப்பான். விட்டுப்போகிற வரியைத் தானே பாடுவான். பாடி முடித்ததும் கீறலுக்கு அந்தப் பக்கம் முள்ளை இறக்குவான். பாட்டு ஒன்றும் நடக்காதது போல மேலே போகும். பத்து வருஷம் தறிச் சத்தத்தில் கிடந்த காது அவனுக்கு. ஒரு வரியும் ராகத்தில் நிற்காது. கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தே வரும். கோமதித்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

நாற்பத்து மூன்றில் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு பாட்டு. மூன்றே நாள் ஓடிய ஏதோ ஒரு படத்தில் வந்தது. ரேடியோவில்கூட அதை யாரும் போட்டதில்லை. ‘மலையோரம் மழை இறங்கும்’ என்று ஆரம்பிக்கும். அடுத்த வரியில் கீறல். அங்கே அவன் முள்ளைத் தூக்கிக்கொண்டு பாடுவான்: ‘ஒற்றைக் கொலுசொலியில் கதவு திறக்கும்.’

கல்யாணமான வருஷம் கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கோமதித்தாயின் வலது கால் கொலுசு தொலைந்துபோனது. மற்றதைக் கழற்ற மனமில்லாமல் ஒற்றைக் கொலுசோடுதான் நடமாடிக்கொண்டிருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் அவன் வந்து நிற்கும்போது, அந்த ஒற்றைச் சத்தம்தான் போய்க் கதவைத் திறக்கும்.

“எனக்குன்னே எழுதுன மாரி இருக்கே,” என்றாள், முதல் தடவை கேட்டபோது.

“எழுதுனவன் அன்னைக்குத் தபசுக்கு வந்திருப்பான். ஒன் கொலுசை எடுத்த களவாணியும் அவனாத்தான் இருக்கும்.”

அவள் அதைப் பாதி நம்பினாள். முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கோ மெட்ராஸில் உட்கார்ந்து, தன் காலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனியில் ஒரு மத்தியானம், தறிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

பதினாறு நாளும் கோமதித்தாய் உள்ளறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லாத் தோளிலும் அவள் தலை சாய்ந்தது. மனம் மட்டும் சாயவில்லை. அதற்கு ஒரே எண்ணம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போனதும் அந்தப் பாட்டைப் போட வேண்டும். கீறல் வருகிற இடத்தில், அவன் செய்தது போலவே முள்ளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இடம் அவனுடையது. அங்கே வேறு யாரும் பாடியதில்லை.

பதினாறாம் நாள் காலையில் வீடு கழுவினார்கள். சௌந்தரபாண்டியனின் அக்காள் சீனியம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள். பாய், தலையணை, பெட்டி, பாத்திரம் எல்லாம் வெளியே போயின. தண்ணீர் விழுகிற சத்தமும் அடுக்குகிற சத்தமும் கோமதித்தாய்க்குக் கேட்டன. எவர்சில்வர் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சீனியம்மாளே வந்து சொன்னாள்.

“எந்தம்பி தொட்டது ஒண்ணையும் விடலட்டி கோமதி. அவன் ரிக்கார்டைக்கூட ஒவ்வொண்ணா சோப்பு போட்டுக் கழுவி, மாடித் தட்டட்டியில காய வச்சேன்.”

கோமதித்தாய் எழுந்துவிட்டாள். “வெயில்லயா மதினி?”

“பின்ன, ஈரத்தோடயா உள்ள வைக்க? அப்பளம் மாதிரி நெளிஞ்சிட்டு. பயப்படாத, அடுக்கி மேல அம்மியைத் தூக்கி வச்சிருக்கேன். காலையில நிமிந்துரும்.”

காலையில் அம்மியை எடுத்தபோது பாதி விண்டுபோயிருந்தது. மீதி ஓடைத் தண்ணீர் போல அலையலையாக இருந்தது. பிடித்த பாட்டு மூன்று துண்டு. கோமதித்தாய் துண்டுகளைச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சீனியம்மாளுக்குத் தான் செய்தது விளங்கியது. “படுபாவி நான், என்ன காரியம் பண்ணிட்டேன்,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கே மன்சூர் அலி கடைக்குப் போய் நின்றாள்.

நாலு நாள் கழித்து மன்சூர் அலி வந்தார். வாசுதேவநல்லூரில் ஒரு மைக் செட்காரரிடமிருந்து அதே இசைத்தட்டை வாங்கி வந்திருந்தார். கீறலே இல்லை.

“போட்டுப் பாரு தங்கச்சி.”

தட்டு சுற்றியது. ‘மலையோரம் மழை இறங்கும்’ என்று குரல் வந்தது. கோமதித்தாயின் சுண்டுவிரல் தன்னால் நீண்டது. அது போய்த் தொடுவதற்குள் பாட்டு முந்திக்கொண்டது:

‘ஊரெல்லாம் மண்வாசம் மணக்கும்.’

கை அப்படியே நின்றது.

“இது வேற பாட்டு பாய்.”

“அதே பாட்டுதாம்மா.”

“இல்ல. ‘ஒற்றைக் கொலுசொலியில் கதவு திறக்கும்’னு வரணும்.”

“அப்படி ஒரு வரி இதுல கிடையாதே. கீறல் விழுறதுக்கு முன்ன நானே ரெண்டு மூணு கல்யாணத்துல போட்டிருக்கேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் கால்களைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கொலுசையும் பதினாறாம் நாளே கழற்றிவிட்ட வெறும் கால்கள். உடனே பார்வையை மாற்றிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார்.

சீனியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “எந்தம்பியா? அவனுக்கு நாலு வரி கடுதாசி எழுத வராதே, பாய்…”

பாட்டு எங்கேயும் தடுக்காமல் ஓடி முடிந்தது.

“எடுத்துட்டுப் போங்க பாய்,” என்றாள் கோமதித்தாய். “இது நல்லா இருக்கு. கல்யாண வீட்டுல போடுங்க.”

அவர் போனார். சீனியம்மாள் அடுப்படிப் பக்கம் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். பிளேயரின் காலியான சுழல்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கோமதித்தாய் அதன் முன்னால் உட்கார்ந்து, சுண்டுவிரலால் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை முதல் முறையாகத் தன் வாயால் பாடினாள்.

ஒரு பிசகு இல்லாமல், சரியான ராகத்தில் வந்தது.

இன்னொரு தரம் பாடினாள். அவன் சாய்வது போலச் சாய்த்துப் பார்த்தாள். வரவில்லை. எப்படிப் பாடினாலும் அது நேராகவே நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.