பிடரிப் படம்

மாமனார் படம் எடுத்தவர் என்பதே அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டட வரைபடம் போடுகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கல்யாணமான புதிதில் ஞாயிறுதோறும் வெளியே போவாராம். சீட்டாட்டம் என்றே மாமியார் நினைத்திருந்தார். திரைப்படக் காப்பகத்துப் பெண் ஒருத்தி அழைத்து, அவரும் சில ஓவியர்களும் சேர்ந்து ஒரு கலை இயக்கமே நடத்தியதாகச் சொன்னாள். அவர்கள் எடுத்த குறும்படங்களுக்கு ஒரே விதி: ஒரு பிலிம் சுருள், ஒரே ஒரு பொருள், நடுவில் வெட்டக்கூடாது. கதை, வசனம் எதுவும் கிடையாது.

அவள் அனுப்பிய பிரதிகளோடு நானும் மாமியாரும் மதியம் டிவி முன்னால் உட்கார்ந்தோம். முதல் படத்தில் குழாய் சொட்டியது. சொட்டிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு நம்ம பாத்ரூமையே பாக்கலாமே," என்றார் மாமியார்.

சிரித்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் அடுத்த சொட்டு எப்போது விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் கழுவிவிட்ட படிக்கட்டு காய்ந்தது. ஈரம் ஓரத்திலிருந்து உள்வாங்குவதை இத்தனை வயதில் நான் கவனித்ததே இல்லை. கிறுக்குத்தனம்தான், எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவதில் ஒரு பெண்ணின் பிடரி. கொண்டைக்குக் கீழே, மிகக் கிட்டத்தில். முகமே இல்லை. மூச்சுக்கு ஏற்பப் பூனைமுடி அசைந்தது.

"யாருடி இவ?" மாமியாரின் குரல் மாறியது. "என் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா முழிச்சிருப்பாரு மனுஷன். ஒரு நாள் நிமிந்து பாத்ததில்ல. இவளை மட்டும் இவ்வளவு கிட்ட போயி..."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. செத்துப்போன மனிதர் மேல் எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போது அந்தப் பெண் சற்றுக் குனிந்தாள். முடிக்கடியில் மிளகு அளவு மச்சம், ஒட்டினாற்போல் இன்னொன்று. மாமியாருக்கு டை அடிக்கும்போதெல்லாம் நான் துடைத்துவிடுகிற இரட்டை மச்சம்.

"அத்தை, அது நீங்கதான்."

"போடி. என் கழுத்து எனக்குத் தெரியாதா?"

தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? அவர் முடியை ஒதுக்கி, போனில் படம் எடுத்து நீட்டினேன். போனையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். சுருள் தீர்ந்து திரை வெளுத்தது.

"திரும்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார், "திரும்பியிருப்பேனே."