கிளெனிஸ் போட்ட ரிவர்ஸ்

ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும் கிளெனிஸ் செய்த முதல் காரியம், இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டதுதான். ஏழு வருஷமாக அது கணவர் டார்சியின் நெட்டைக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியே கிடந்தது. அவர் பக்கத்து இருக்கையில், தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடியைத் திருப்பாத கிளென். எனக்குச் சரியா வச்சிருக்கேன்."

"ஓட்டப் போறது நீயா, நானா?" என்று கேட்டுவிட்டு அவள் இரண்டு கண்ணாடிகளையும் திருப்பினாள்.

டார்சியின் இடது கண் கைவிட்டுவிட்டது. வலது கண்ணும் அரைகுறை. இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று வழியில் செடுனா ஊரில் டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன அன்றைக்கே டார்சி, காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவரும் சக்கர வீடான கேரவனை விற்க ஆள் பிடித்துவிட்டார். மேற்கே, மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியின் நடுவில் இருக்கிற பெட்ரோல் பங்க் ஒன்றில் மெக்கானிக்காக இருக்கும் வேட் என்ற பையன், குடியிருக்க ஒரு கேரவன் தேடிக்கொண்டிருந்தான். கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டான். அதுவரைக்கும் கிளெனிஸ் இழுத்து வந்தால் போதும். பிறகு வெறும் காரில் ஊர் திரும்பிவிடலாம் என்பது டார்சியின் திட்டம்.

கிளெனிஸிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேற்குக் கரை வரை போய் வர வேண்டும் என்றுதான் அந்தக் கேரவனையே வாங்கினார்கள். முதல் வருஷம் மழை, அடுத்த வருஷம் மகள் கல்யாணம், அப்புறம் டார்சியின் முட்டி என்று ஒவ்வொரு தடவையும் பாதியில் திரும்பினார்கள். இந்தத் தடவை அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேரவனை இழுத்து ஓட்டாதவள் எந்த வாயால் வேண்டாம் என்பாள்? சாவியைத் திருப்பினாள்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. டார்சிதான் சும்மா இருக்கவில்லை. "லெப்ட்ல போ, இவ்வளவு லெப்ட் வேண்டாம், மெதுவா, ஏன் இவ்வளவு மெதுவா?" என்று வாய் மூடாமல் வந்தார். கிளெனிஸுக்கு வேறு கவலை. கேரவனின் வால் லேசாக அலைந்துகொண்டே இருப்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

"பின்னால கனம் ஜாஸ்தி டார்சி. உன் கல்லு."

"என் கல்லு உன்னை என்ன பண்ணிச்சு?"

டார்சிக்குக் கல் பொறுக்கும் பைத்தியம். போகிற இடமெல்லாம் ஒரு கல். அத்தனையும் கேரவனின் பின்புறப் பெட்டியில், கடைக்கோடியில் கிடந்தன. கனமானதைச் சக்கரத்துக்கு மேலே வை, வாலில் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷன்தான் அவர். தன் கல் மட்டும் கனக்காது என்று நினைத்துக்கொண்டார் போல.

எதிரே ஒரு லாரி வந்தது. மூன்று பெட்டிகளைக் கோத்து இழுத்துவரும் ரயில் மாதிரி லாரி. அது கடந்தபோது வீசிய காற்று கேரவனை ஒரு தள்ளு தள்ளி, மறுபடி தன் பக்கம் இழுத்தது. வால் ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. காரின் பின்பக்கத்தையே அது பிடித்து உலுக்கியது.

"பிரேக்கு! பிரேக்கு போடு!" என்று டார்சி அலறினார்.

கிளெனிஸ் பிரேக்கைத் தொடவில்லை. சாயங்காலங்களில் எந்தக் கேரவன் திடலில் தங்கினாலும் மடக்கு நாற்காலி போட்டு, பீர் கையில் ஏந்தி, புதிதாகக் கேரவன் வாங்கியவர்களுக்கு இதே டார்சி வகுப்பெடுப்பார். 'வால் ஆடினா காரோட பிரேக்கை மிதிக்காதே மாப்ளே. ஸ்டியரிங்கை வெட்டாதே. ஆக்ஸிலேட்டர்லேந்து காலை எடு. கேரவனுக்குன்னு தனியா இருக்கிற பிரேக் குமிழை அழுத்து. பின்னாலேந்து இழுத்துப் பிடிச்சு அதுவே நேராகும்.' கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. இப்போது அந்தப் புளித்த பேச்சுதான் கைகொடுத்தது. காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருந்த குமிழை அழுத்தினாள். பின்னால் கேரவன் முரண்டு பிடித்து, இழுபட்டு, இரண்டு முறை ஆடி, நேரானது.

கிளெனிஸ் ஓரங்கட்டினாள். டார்சி முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் பிரேக் போடச் சொன்னேன்," என்றார் மெல்ல.

"ஆமா. நல்லவேளை, நீ பீர் குடிக்கும்போது சொன்னதைத்தான் நான் கேட்டேன். இறங்கு. பெட்டியைத் திற."

செம்மண்ணில் கற்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றுக்கும் டார்சி ஊர் பெயர் சொல்லி வழியனுப்பினார். பிடித்தமான சிலதை மட்டும் கேரவனுக்குள் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையில் வைக்க அவள் சம்மதித்தாள். தண்ணீர் கேன்களையும் அங்கேயே நகர்த்தினாள். கொக்கியையும் சங்கிலியையும் அசைத்துப் பார்த்தாள். பிறகு கிளம்பியபோது வால் ஆடவே இல்லை. அடுத்த லாரி கடந்தபோது டார்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கிளெனிஸ் அந்த டிரைவருக்கு ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தாள். அவனும் பதிலுக்கு விரல் தூக்கினான். ஏழு வருஷமாக டார்சிக்கு மட்டுமே கிடைத்துவந்த மரியாதை அது. அவளுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

பெட்ரோல் பங்க்கின் பின்னால் இருந்த கேரவன் திடலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம், இருப்பதிலேயே மோசமான நேரம். எல்லோரும் வெயில் தாழ மடக்கு நாற்காலி போட்டு, கையில் கோப்பையோடு உட்காரும் வேளை. புதிதாக வருகிறவர் ரிவர்ஸ் போடுவதை வேடிக்கை பார்ப்பதுதான் அங்கே சினிமா. ரிவர்ஸ் போடும்போது புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்ட பேச்சுக்கு அப்புறம் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்பது கேரவன்காரர்களின் எழுதாத சட்டம்.

காலியாக இருந்தது ஒரே இடம். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், மறுபக்கம் பளபளவென்று யாருடையதோ புத்தம்புதுக் கேரவன். அதன் சொந்தக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மணி, நான் வேணா போட்டுத் தரட்டுமா?"

"உட்காருங்க. உங்க பெயிண்டுல ஒரு கீறல்கூட விழாது."

டார்சி இறங்கிப் பின்னால் போனார். "வா... வா... இன்னும் வா..." என்ற குரல் மட்டும் வந்தது. எந்தக் கண்ணாடியிலும் ஆளைக் காணோம். கேரவனுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு கையை வீசுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பிரேக் போட்டு இறங்கினாள்.

"டார்சி! என் கண்ணாடி உனக்குத் தெரியுதா?"

"இல்லையே."

"அப்ப நீயும் எனக்குத் தெரியமாட்ட. அங்கேயே நின்னா உன்மேலதான் ஏத்துவேன். ஏழு வருஷமா என்னை அந்தக் கத்து கத்தினியே, இப்ப தெரியுதா?"

நாற்காலிக் கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு கைத்தட்டல் கேட்டது. டார்சி வலப்பக்கம் வந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றார்.

கிளெனிஸ் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பார்த்தாள். சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று காலால் கோடு போட்டாள். ஏழு வருஷமாகப் பின்னால் நின்று கைகாட்டியவள் அவள். அந்த வால் எப்போது திரும்பும், எப்போது அடம் பிடிக்கும், எங்கே மடங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியது அவள் கண்தான். டார்சி கண்டதெல்லாம் கண்ணாடியில் விழுந்த துண்டு மட்டும்.

ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்தாள். கை எந்தப் பக்கம் போகிறதோ, வால் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் வலது. வால் வளைந்தது. கொஞ்சம் இடது, கார் அதன் பின்னாலேயே வந்தது. புதுக் கேரவன்காரர் மூச்சு விடவில்லை. சக்கரம் கோட்டில் ஏறியது. டார்சி உள்ளங்கையை நீட்டி, "நில்லு!" என்றார். நிறுத்தினாள்.

ஒரே தடவையில் உள்ளே.

அங்கே எழுந்த ஆரவாரத்தில் பங்க்கின் நாய் குரைத்தது. கோப்பைகள் உயர்ந்தன. கிளெனிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை, அடக்கவும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டே வேட் வந்தான். "பிரமாதம் அம்மணி! அப்ப டார்சி, வண்டியை நான் பாக்கலாமா?"

டார்சி கேரவனைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். தன் வேலை போன வருத்தமும் அவளைப் பற்றிய கர்வமும் அந்த முகத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. கர்வம் ஜெயித்தது.

"என்கிட்ட எதுக்குப்பா கேக்கற? டிரைவரைக் கேளு."

வேட் அவள் பக்கம் திரும்பினான்.

"தம்பி, மன்னிச்சுக்கோ, வண்டி விக்கறதுக்கில்ல," என்றாள் கிளெனிஸ். "காலையில டயர்ல காத்து மட்டும் பாத்துக் குடு. மேற்குக் கரை வரைக்கும் போகணும்."