ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

பேக்கரிக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் தலை இருப்பதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்கென்று பார்த்து ஒற்றைத் தலைவலி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே ஞாயிற்றுக்கிழமைதான் மச்சானும் சாப்பிட வருவான். அப்புறம் என்ன, பழி போட ஆள் தேட வேண்டுமா?

"உன் தம்பி சென்ட் அடிச்சிட்டு வர்றான் பாரு, அதான் மண்டையைப் பிளக்குது" என்றார் மனைவியிடம்.

மச்சான் பஸ் ஓட்டுகிறவன், தனிக்கட்டை. வாரம் முழுக்க ஓட்டல் சாப்பாடு. அக்கா கையால் சாப்பிட அந்த ஒரு நாள்தான். பாவம், சென்ட்டை விட்டான். வலி வந்தது. "அவன் சிரிப்புச் சத்தம்தான்" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வலி வந்தது. "அந்தப் பூப்போட்ட சட்டை கண்ணைக் கூசுது" என்றார். வெள்ளைச் சட்டையில் வந்தான். அதற்கும் வந்து தொலைத்தது. கடைசியில் மனுஷர் துணிந்தே சொல்லிவிட்டார்: "ஒரு வாரம் அவனை வர வேண்டாம்னு சொல்லிப் பாரேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தம்பியிடம் சொன்னாள்.

அந்த ஞாயிறு வீட்டில் ஈ காக்கா இல்லை. பேக்கரிக்காரர் நிம்மதியாகப் பத்து மணிவரை தூங்கினார். எழுந்தால், நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி!

"இன்னிக்கு யாரைச் சொல்லப் போறீங்க? என்னையா?" என்று இடுப்பில் கைவைத்தாள் மனைவி. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"தினமும் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மாவு பிசையணுமே, அஞ்சு மணிக்கே எழுந்துடுவேன். எழுந்ததும் காபி. ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து வரைக்கும் தூங்குவேன். காபியும் அப்புறம்தான்."

"வினையே அதுதான். சில பேருக்குத் தூக்கமும் காபியும் நேரம் தவறினாலே போதும், தலைவலி கிளம்பிடும். லீவு நாள்லயும் அஞ்சுக்கே எழுந்து பாருங்க."

"யாரு எழுப்புறது? இவளும் நல்லாத் தூங்குவாளே!"

மனைவி சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் அழைப்புமணி அலறியது. வாசலில் மச்சான்! பூப்போட்ட சட்டை, தெருவையே தூக்கும் சென்ட், கையில் காபி பிளாஸ்க். "மாமா, எழுந்திரிங்க! இனிமே வாராவாரம் என் டியூட்டி இதுதான்!" தம்பியைப் பார்த்ததும் அக்காவுக்குப் போன சந்தோஷம் திரும்பி வந்தது.

சாயங்காலம்வரை அவன் நகரவில்லை. பஸ் பஞ்சரான கதையை மூன்றாம் முறை ஆரம்பித்தபோது, தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று பேக்கரிக்காரர் நெற்றிப்பொட்டை ஆசையோடு அழுத்திப் பார்த்தார். ம்ஹூம், கொஞ்சம்கூட வலிக்கவில்லை.