பழைய முனைக்காரி

நுண்ணோக்கித் திரையில் அந்தக் கிழவி மறுபடியும் இரண்டாகப் பிரிந்தாள். பவுலின் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அடி சக்கை!" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் வேறு ஆள் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

கிழவி என்றால் ஒரு பாக்டீரியா. நுண்ணோக்கிக்கு அடியில் இருக்கும் சில்லில், முடியை விட மெல்லிய ஒரு சந்து. ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் வாசல். அடைத்த பக்கத்தில் இவள் இருப்பாள். நீளமாக வளர்வாள், நடுவில் சுவர் எழும்பும், இரண்டாவாள். வெளிப்பக்கம் இருப்பவள் தள்ளிக்கொண்டே போய், வாசலில் ஓடுகிற சத்து நீரில் விழுந்து, ஊரைவிட்டே போய்விடுவாள். உள்ளே இருப்பவள் அங்கேயே கிடப்பாள். கெட்டுப்போன புரதக் குப்பை பழைய முனையில், அதாவது அடைப்பை ஒட்டிய நுனியில்தான் ஒதுங்கும். ஆகவே ஒவ்வொரு முறை பிரியும்போதும் குப்பை இவளுக்கு, துடைத்துவிட்ட உடம்பு அவளுக்கு. ஆய்வகத்தில் எல்லாரும் உள்ளே இருப்பதை அம்மா என்பார்கள், போவதை மகள் என்பார்கள். பவுலினுக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஒரே நொடியில் உண்டான இரண்டில் அம்மா எது, மகள் எது? இரண்டும் அக்கா தங்கை. குப்பை ஒருத்தி தலையில் விடிந்தது, அவ்வளவுதான்.

இத்தனை குப்பையோடு கிழவி தளர்ந்து நின்றுவிடுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நின்றபாடில்லை. முதல் நாள் என்ன வேகமோ, இன்றும் அதே வேகம். பவுலினைவிட எத்தனையோ வயது இளையவளான ஆய்வகத் தலைவி ஷில்பா காலையில் போன் செய்திருந்தாள். "இன்னும் மூணு வருஷம் இதையே பாக்கலாம் பவுலின் மேடம். நீங்க இருந்தாதான். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

இருக்க முடியாது என்றுதான் வீட்டில் முடிவாகியிருந்தது. முடிவு செய்தது மெல்போர்னிலிருந்து லீவில் வந்திருந்த தங்கை லீனா. அம்மாவுக்கு ஞாபகம் தப்புகிறது, அடுப்பை அணைக்க மறக்கிறாள், வேலைக்கு வைத்த பெண்ணைத் திருடி என்று விரட்டுகிறாள். ஆகவே பவுலின் வேலையை விட வேண்டும். "நீதானேக்கா எனக்கு இன்னொரு அம்மா" என்று லீனா நேற்று பிரியாணி பரிமாறிக்கொண்டே கொஞ்சினாள். ஐம்பத்தொரு வயதுக்குள் அந்த ஒரு பேச்சில் பவுலின் எத்தனை முறை எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள்! லீனா பிறந்தபோது பவுலினுக்கு வயது மூன்று. மூன்று வயதில் யாராவது அம்மா ஆவார்களா?

போன் அடித்தது. லீனாதான்.

"அக்கா, எங்க இருக்க? ஆறு மணிக்கு கேப் வருது. ஏர்போர்ட் ரோட்ல டிராஃபிக் வேற. நீ வந்தாதானே நான் கெளம்ப முடியும்?"

"நான் வரல."

"வரலயா? அப்ப அம்மாகூட யாரு இருப்பாங்க?"

"நீதான் இருக்கியே."

"வெளையாடாதக்கா. எனக்கு அங்க வேல இருக்கு."

"எனக்கும் இங்க வேல இருக்கு. டிக்கெட்ட மாத்து. கொஞ்ச நாள் நீ பாரு, அப்புறம் நான் பாக்கறேன். ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வழி பண்ணலாம். என் தலைல மட்டும் கட்டிட்டுப் போகாத."

"என்ன திடீர்னு இப்பிடிப் பேசற? நீ எனக்கு அம்மா மாதிரி..."

"நான் உனக்கு அக்கா, லீனா. அக்கா மட்டுந்தான்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பெற்றவளை வைத்துப் பேரம் பேசுகிறோமே என்று மனசு குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று ஷில்பாவுக்கு 'நான் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பினாள்.

சாயங்காலம் லீனா வீடியோவில் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நீயே பாரு" என்று போனைத் திருப்பினாள்.

விவேக் நகர் வீட்டு வாசலில், லீனாவின் பெரிய பெட்டி மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். லீனாவின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். மடியில் கைப்பை. எழுப்பப் போன லீனாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருடி. வண்டி வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.