திருப்பிப் போடும் நேரம்

அன்றைக்கு மழை பெய்ததா என்பது நீலாவுக்கு இப்போது நிச்சயமில்லை. பெய்ததாகத்தான் நினைவு, ஆனால் நடந்ததற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவளே பிற்பாடு மழையைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். சாருலதா போன் செய்தது மட்டும் நிச்சயம்.

புருஷன் கிருஷ்ணபிரசாத்தோடு இனி இருக்க முடியாது, ஸ்ரேயாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள் மகள். திருமுல்கேரியிலிருந்து குஷாய்குடாவில் அம்மா வீட்டுக்கு வர ஓர் ஆட்டோ போதும். ஆனால் அந்த மாப்பிள்ளையை அவளேதான் தேடிக்கொண்டாள். அப்பா வாயால் வா என்று சொல்லாமல் படியேற மாட்டேன் என்றாள்.

"ரெகார்டைத் திருப்பிப் போடறப்பக் கேளும்மா. அப்ப மறுக்க மாட்டார்."

ஸ்ரேயா போனைப் பிடுங்கி, "பாட்டி, பேக் ரெடி" என்றாள்.

அது அந்த வீட்டு வழக்கம். தொழிற்சாலை வேலையில் இருந்த காலத்திலிருந்தே நீலாவின் கணவர் வெங்கடகிருஷ்ணன் சாயங்காலம் ரெகார்டு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் கத்த மாட்டார். முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்து போவார். அப்புறம் நாள் கணக்கில் வீட்டில் பேச்சே இருக்காது. ஒரு பக்கம் முடிந்து, தட்டைத் துடைத்து மறுபக்கம் போடுவதற்குள் எதைக் கேட்டாலும் சரி என்பார். மகன் அபிநவ் பெங்களூர் போனது, சாருலதாவின் கல்யாணம் எல்லாம் அப்படிக் கேட்டு வாங்கியவைதான்.

ரெகார்டு பிளேயர் வீட்டை விட்டுப் போனது மகளுக்குத் தெரியாது. சமீபத்தில் வந்த அபிநவ், "இப்ப இதுக்குத்தான்பா மவுசு, பசங்க அலையறாங்க" என்று எல்லாவற்றையும் சைனிக்புரியில் காபிக் கடை வைத்திருக்கும் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். பதிலுக்குச் செல்போன் வழியாகப் பாடும், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். மாற்று முள் கிடைக்காமல் அலுத்துப்போயிருந்த வெங்கடகிருஷ்ணனும் மறுக்கவில்லை. கேட்க நினைத்த பாட்டெல்லாம் அதில் இருந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்தது.

நீலா எதிர் நாற்காலியில் காத்திருந்தாள். பாட்டு அடங்குவதுபோல் இறங்கும், வாயைத் திறப்பாள், அடுத்தது தொடங்கிவிடும். மறுநாள் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, ஸ்பீக்கர் நிற்கவில்லை. அதற்குள்ளேயே பேட்டரி இருந்தது. சாப்பிடும்போதும் அது பாடிக்கொண்டிருந்தது. இதற்குள் சாருலதா சில தடவை கூப்பிட்டாள். இன்னும் கேட்கவில்லை என்று சொல்லக் கூசி நீலா எடுக்கவில்லை. கேட்டுவிட்டே பேசலாம் என்றிருந்தாள்.

அதற்கடுத்த நாள் பாட்டு ஓடும்போதே சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "வரச் சொல்ல வேண்டியதுதானே? அவ வீட்டுக்கு அவ வர என்னை எதுக்குக் கேக்கணும்?"

பாட்டை நிறுத்த செல்போனைத் தடவினார். அது அடுத்த பாட்டுக்குப் போனது.

நீலா அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டாள்.

"நீ போனையே எடுக்கலையேம்மா. அப்பா வேண்டாம்னுட்டார், அதைச் சொல்லத்தான் தயங்கறேன்னு நினைச்சேன். நேத்தே இவரோட சமாதானமாப் போயிட்டேன். வேற எங்க போறது?"

அப்பாவே வரச் சொல்கிறார் என்றாள் நீலா.

"எனக்காகச் சொல்லாதேம்மா."

வெங்கடகிருஷ்ணன் போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். வா என்பதற்குப் பதில், "சாப்பிட்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

சாருலதா கிருஷ்ணபிரசாத்தோடுதான் இருக்கிறாள். பண்டிகைக்கு வருவாள், இரவு தங்குவதில்லை. ஸ்ரேயா தாத்தாவிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். காபிக் கடையில் அந்த ரெகார்டுகளுக்கு நல்ல கிராக்கி என்று அபிநவ் பெங்களூரிலிருந்து சொல்கிறான். வெங்கடகிருஷ்ணன் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். நீலாவுக்கு அவரிடம் கேட்க இப்போது ஒன்றுமில்லை.