வருஷத்தில் மூன்று நாள்

'முப்பத்தொரு வருடம் மாநகர சபை ஊழியர்' என்று எழுதிவிட்டு நிஷாந்தி பேனாவை நிறுத்தினாள். அதற்கு மேல் ஓடவில்லை.

அடக்க ஆராதனையில் வாசிக்க அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், மகளே எழுதினால் நல்லது என்று போதகர் ராஜரத்தினம் நேற்றே சொல்லியிருந்தார். இப்போது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. இரண்டு மணிக்குச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். தாளில் நான்கு வரிதான் இருந்தது. ஜெபமணி ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்தார், கண்டி மஹியாவைக்கு மருமகளாக வந்தார், முப்பத்தொரு வருடம் மாநகர சபை ஊழியர், ஒரு மகன், ஒரு மகள்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பிளேன்டீ கேட்டாள் அம்மா. அதைக் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். வயது அறுபத்தொன்று. உடலைப் பதப்படுத்தி மலர்ச்சாலையிலிருந்து கொண்டு வந்த பெட்டி முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. நிஷாந்தி அதன் கால்மாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

'ஊழியர்' என்ற சொல் அவளுக்குப் பழகிய சொல். அவள் வேலை செய்யும் கிளினிக்கில், அம்மா மாநகர சபையில் மேசைக்குப் பின்னால் இருந்தவள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிஷாந்தி அப்படிச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். மகள் அங்கே வேலை செய்த ஒன்பது வருடத்தில் ஒருநாளும் கிளினிக் வாசலை அவள் மிதித்ததில்லை. மகள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பெட்டியைக் கொண்டுவந்தால், எதிரே பஸ் நிற்கும் இடத்தில் நின்று போன் பண்ணுவாள்.

வெளியே சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே இரண்டு வேன்கள் வந்து நின்றன. கூரைமேல் பைகளும் பாய்களும் கட்டியிருந்தன. திருச்சபை மாதர் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வருடந்தோறும் ஹேவாஹெட்டயில் பழைய துரை பங்களா ஒன்றில் மூன்று நாள் தியான முகாம் நடத்துவார்கள். ரிட்ரீட் என்றுதான் அம்மா சொல்லுவாள். இந்த வருட முகாம் இன்றைக்குத்தான் தொடங்க வேண்டும்.

"போற வழியில எட்டிப் பாக்க வந்திருக்காங்க," என்றாள் நிஷாந்தி தம்பி சுதேஷிடம். "இனி சமைக்க வேற ஆள் தேடணுமில்ல."

போன வருடம் இதை அம்மாவிடமே சொல்லியிருந்தாள். அம்மா பையில் சேலை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னைய சமைக்கத்தாம்மா கூட்டிட்டுப் போறாங்க. அது ஒனக்குப் புரியலியா?"

"சமைக்கிறதும் உண்டுதான்," என்று சிரித்தாள் அம்மா.

"பின்ன மூணு நாளா அங்க என்னதான் செய்வ?"

"சும்மா உக்காந்திருப்பேன் புள்ள."

"சும்மா உக்கார ஹேவாஹெட்ட வரைக்கும் போகணுமா?"

அம்மா பையின் வாரை இழுத்துக் கட்டினாள்.

முதலில் உள்ளே வந்தவர் புளோரா டீச்சர். பெண்கள் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, சங்கத்தின் தலைவி. பெட்டியருகே நின்று வெகுநேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு நிஷாந்திக்குப் பக்கத்தில், தரையிலிருந்த பாயில் உட்கார்ந்தார். அவள் பதறி எழும்பிக் கதிரையைத் தள்ளினாள்.

"இருக்கட்டும் மகள். நீங்க இருங்க."

"ஒங்களுக்குப் போக நேரமாகும் டீச்சர்."

"எங்க போக? ரிட்ரீட் இன்னைக்கு இங்கதான். ஜெபமணி இல்லாம அங்க போய் என்ன செய்ய?"

நிஷாந்திக்கு விளங்கவில்லை. டீச்சர் அவள் மடியிலிருந்த தாளைப் பார்த்தார். நான்கு வரியையும் வாசித்தார்.

"ரிட்ரீட்டப் பத்தி எழுதலியா?"

"அதில எழுத என்ன இருக்கு டீச்சர்? அம்மா சமைக்கத்தானே வந்தாங்க."

குரலில் இருந்த சூட்டை அவளே உணர்ந்தாள். டீச்சர் கோபப்படவில்லை.

"உண்மைதான். பதினோரு வருஷத்துக்கு முந்தி நான்தான் கூட்டிட்டுப் போனேன். சமைக்கத்தான். முப்பது பேருக்கு ஒரு ஆள். அது பிழைன்னு அப்ப எனக்குத் தோணவேயில்ல." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "முதல் நாள் மௌன நேரம்னு ஒன்னு இருக்கும். ஒரு மணித்தியாலம் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் தோட்டத்தில உக்காந்திருந்தோம். குசினியில இருந்து ஜெபமணி வந்தா. கையெல்லாம் ஈரம். என் பக்கத்தில ஒரு கதிரை சும்மா கிடந்துச்சு. வந்து உக்காந்துட்டா."

"அம்மாவா?"

"ஆமா. நான் கண்ணால குசினியக் காட்டினேன். அவ என்னையப் பாத்தா, பிறகு தேயிலையப் பாத்தா. எழும்பல. எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனா பேசக் கூடாதே! சட்டம் போட்டதே நான்தானே." டீச்சர் லேசாகச் சிரித்தார். "நேரம் முடிஞ்சதும் முதல் வேலையா, சோறு என்னாச்சு ஜெபமணின்னு கேட்டேன். 'அடுப்ப அணைச்சிட்டுத்தான் வந்தேன் டீச்சர். நானும் ரிட்ரீட்டுக்கு வந்தவதானே'ன்னா. அன்னைக்கு எல்லாருமாச் சேர்ந்து சமைச்சு மூணு மணிக்குத்தான் சாப்பிட்டோம். அதிலிருந்து முறை போட்டுத்தான் சமையல். என் முறையில வைக்கிற பருப்ப வாயில வைக்க ஏலாதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவா."

பின்னால் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அவர்களில் நான்கு பேர் இதே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள், அம்மாவோடு வீதி கூட்டியவர்கள் என்பதை நிஷாந்தி அப்போதுதான் கவனித்தாள்.

"நாங்க அவ கூட்டிட்டுப் போய்த்தான் போனோம்," என்றாள் அவர்களில் ஒருத்தி. "கடைசி நாள்ல எதுக்கு நன்றி சொல்றீங்கன்னு ஒவ்வொருத்தரா கேப்பாங்க. ஒங்கம்மா எல்லா வருஷமும் ஒரே பதில்தான். 'வருஷத்தில இந்த மூணு நாள் என்னைய யாரும் ஏவ மாட்டாங்க. ஆண்டவர் கூட சும்மா இருன்னுதான் சொல்றாரு'ம்பா."

நிஷாந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என்ன வேல செய்றாங்கன்னு அங்க சொல்லுவாங்களா?"

"புதுசா வர்றவங்களுக்கு ஆளுக்காள் சொல்லணும்," என்றார் டீச்சர். "நான் ஓய்வு பெற்ற அதிபர்னு சொல்லுவேன். அடுத்தது அவ. 'நான் ரோட்டக் கூட்டுறேன். பெரஹரா ஊர்வலம் முடிஞ்ச மறுநாள் சனம் எழும்புறதுக்குள்ள இந்தக் கண்டி டவுன டவுனாக்குறது நாங்கதான்.' நல்லாச் சத்தமாச் சொல்லுவா."

பத்து மணிக்கு அவர்கள் மௌன நேரத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் இடம் போதாமல், பந்தலுக்குக் கீழும் லயத்து வாசல்களிலும் குழாயடிச் சுவரிலுமாக உட்கார்ந்தார்கள். முப்பது பெண்கள், பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும். பேச்சில்லை, பாட்டில்லை. மரண வீட்டுக்கு வந்த ஆண்கள் குரலைத் தாழ்த்தினார்கள், பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். மஹியாவையில் பகல் பத்து மணிக்கு அப்படி ஒரு அமைதியை நிஷாந்தி கேட்டதில்லை. குழாயின் சொட்டும், தூரத்தில் ரயில் போவதும் கேட்டன. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் முதலிலிருந்து எழுதினாள்.

ஆராதனையில் கோயில் நிறைந்திருந்தது. கடைசி வாங்குப் பலகையில் கிளினிக் டொக்டரும் அவளோடு வேலை செய்யும் மூன்று பெண்களும் இருந்தார்கள். நிஷாந்தி மைக்கின் முன் நின்றாள். தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

"என் அம்மா ஜெபமணி முப்பத்தொரு வருஷம் இந்த நகரத்தின் வீதிகளைக் கூட்டினார்."

நிமிர்ந்து கடைசி வாங்கைப் பார்த்துவிட்டு மேலே வாசித்தாள். பெரஹராவுக்கு மறுநாள் காலையைப் பற்றி வாசித்தாள். அணைத்துவிட்டு வந்த அடுப்பைப் பற்றியும், டீச்சருக்குப் பக்கத்துக் கதிரையைப் பற்றியும் வாசித்தாள். யாரோ கோயிலென்றும் பார்க்காமல் சிரித்தார்கள். புளோரா டீச்சர்தான். சில வாங்குகள் சேர்ந்து சிரித்தன. வேலைச் சீருடையோடு நேரே வந்திருந்த சுத்திகரிப்புத் தொழிலாளர்கள் பக்கவாட்டுக் கதவருகே நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

வாசித்து முடித்து இறங்கியபோது போதகர் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மதியம் பெய்த மழையில் மயானப் பாதை வழுக்கியது. வாகனம் வாசலோடு நின்றுவிட்டது. குழி மேட்டில் இருந்தது. சுதேஷும் அவனுடைய கூட்டாளிகளும் பெட்டியைத் தூக்கி நாலு எட்டு வைத்திருப்பார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி," என்றார் புளோரா டீச்சர். "இனி நாங்க."

சுதேஷ் அக்காவைப் பார்த்தான். பெண்கள் பெட்டி தூக்கி இங்கே யாரும் பார்த்ததில்லை. நிஷாந்தி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னே போனாள். அவன் தோளைத் தாழ்த்தி இடம் விட்டான். டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் பிடித்தார், அவருக்குப் பின்னால் நிஷாந்தி. மறுபக்கம் லயத்துப் பெண்கள் இருவர், பின்னால் சங்கத்துப் பெண்கள் இருவர். பாரம் அவள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.

பாதி மேட்டில் டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"மாத்துவோமா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே."

நிஷாந்தியின் கண்ணுக்கு நேரே அவருடைய வெறுங்கால்கள் சேற்றில் புதைந்து புதைந்து எழுந்தன. வெள்ளைச் சேலையின் ஓரம் செம்மண் ஏறி, ஒவ்வொரு எட்டுக்கும் சிவந்துகொண்டே மேட்டில் ஏறியது.